மறதிக்கு ஒரு சாட்சி

என் அப்பா மறதிக்காரர் என்று நிரூபித்துக் கொடுங்கள் என ஒரு துப்பறியும் அலுவலகத்தில் வந்து கேட்பவர்கள் உண்டா? லியோனா கேட்டாள். முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனாள்.

"இதுக்குப் பேரு கேஸா?" ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அலுத்துக்கொண்டான் கார்மைன் பெட்ருச்சி. "கொலை இல்ல, கொள்ளை இல்ல. ஒரு கிழவருக்கு ஞாபகம் சரியில்லன்னு நாலு பேர்கிட்ட எழுதி வாங்கணும். எங்க அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டா போதும். எங்கப்பாவப் பத்தி இருபது பக்கம் குடுப்பாங்க."

பக்கத்து இருக்கையில் எர்மா லாண்டிஸ் கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே உப்புத் தூவிய பிரெட்ஸெல் ரொட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆயுதத்தை விலக்குகிற மென்னோனைட் கிறிஸ்தவ சபைக் குடும்பத்தில் பிறந்தவள். சபையை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியும் இரண்டு பழக்கங்கள் அவளை விடவில்லை. பொய் சொல்ல மாட்டாள். துப்பாக்கியைத் தொட மாட்டாள். பென்சில்வேனியா மாநிலத்திலேயே துப்பாக்கி இல்லாத ஒரே துப்பறிவாளர் தன் முதலாளியம்மாதான் என்பது கார்மைனின் கணிப்பு. வருகிற கட்சிக்காரர்களிடம் அதை அவன் சொல்லிக்கொள்வதில்லை.

"நாளைக்குக் காலைல கோர்ட்," என்றாள் எர்மா. "அவர் குற்றத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள நம்ம காகிதம் போய்ச் சேர்ந்தா அரசு வக்கீல் மனசு இளகலாம். பேசிக்கிட்டே ரோட்டை விட்டுடாத."

மறதிக்காரராகப் போகிறவரின் பெயர் காசிமிர் வோய்ட்கோ. ஊருக்குக் காஸ். எழுபதை நெருங்குகிறவர். மனைவி இல்லை. டெலவேர் ஆற்றின் இரண்டு கரைகளிலும் எங்கே போலந்துக்காரர் கல்யாணம் நடந்தாலும் அக்கார்டியனோடு போய் நின்று, கிழவிகளைக்கூட ஆட வைத்துவிட்டு வருவார். ஒரு தடவை மண்டப வாசலில் எவனோ அவரை அடித்துப் போட்டுப் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டார். ஷெரிஃப் கொடுத்த அனுமதி அட்டை சட்டைப் பையில் இருந்தது. இக்கரை பென்சில்வேனியா. இங்கே எல்லாம் முறைப்படி.

அக்கரை நியூஜெர்சி. அங்கே அந்த அட்டைக்கும் நூலக அட்டைக்கும் வித்தியாசம் கிடையாது. அங்கே கைத்துப்பாக்கியோடு பிடிபட்டால் பரோல் பேச்சே இல்லாமல் மூன்றரை வருஷம் உள்ளே. இந்த வித்தியாசம் காஸுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற டாட்டி ஷ்வெங்க்கின் கடையில் துப்பாக்கியைத் தன் வாடிக்கை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஆற்றைக் கடப்பார். திரும்பும்போது எடுத்துக்கொள்வார். அந்த லாக்கர் சாவி எப்போதும் அவர் சாவிக்கொத்திலேயே இருக்கும்.

நவம்பர் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அது கழிந்த சனிக்கிழமையும் அப்படித்தான் போனார். அக்கரையில் பாலம் இறங்கியதும் போலீஸ் நிறுத்தியது. யாரோ ஃபோன் செய்திருக்கிறார்கள், வெள்ளை ப்யூக் கார் தள்ளாடிக்கொண்டு போகிறது, கிழவர் குடித்திருப்பார்போல என்று. காஸ் ஊதிக் காட்டினார். சொட்டுக்கூட இல்லை. போலீஸ்காரர் விட்டிருப்பார். "பெட்டில என்ன?" என்று பேச்சுக்குக் கேட்டார். "வாசிச்சே காட்டறேன்" என்று காஸ் குஷியாகப் பெட்டியைத் திறந்து அக்கார்டியனைத் தூக்கினார். அடியில் சிவப்பு வெல்வெட்டில் அவருடைய துப்பாக்கி படுத்திருந்தது.

"நான் லாக்கர்ல வெச்சேன்" என்றார் அன்றைக்கு. ஒரு வாரம் போனதும் "வெச்சதாத்தான் ஞாபகம்" என்றார். இப்போது அக்கரை ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு "வெக்க மறந்திருப்பேன்" என்கிறார். மகளும் வக்கீலும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க ஊர்ச் சட்டம் அப்படி," என்றான் கார்மைன். அவன் நியூஜெர்சி ட்ரென்டன்காரன். "அங்க பொடிப்பசங்க வெச்சிருக்கிற காத்துத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். உண்டிவில் வெச்சிருந்தாலே குத்தம். பத்து வயசுல ஒரு அணிலைக் குறி பார்த்தேன். அந்தக் கணக்குப்படி உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது ஒரு பழைய குற்றவாளி."

"அணில் என்னாச்சு?"

"சாட்சி சொல்லல."

டாட்டியின் தூண்டில் கடை வாசலில் கார் நிறுத்த இடமில்லை. புழுவும் காபியும் விற்கிற அந்தத் தகரக் கூரைக் கடைக்கு இத்தனை கூட்டத்தைக் கார்மைன் எதிர்பார்க்கவில்லை. உள்ளே, மூடிப்போன ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிய நீல லாக்கர்கள் சுவரோரமாக அணிவகுத்து நின்றன. ஆரஞ்சுத் தொப்பி போட்ட பெண்ணொருத்தி கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, லிப்ஸ்டிக் வைப்பதுபோல லாக்கரில் வைத்துப் பூட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை.

கூரைமேல் ஒரு புதுப் பலகை. கம்பிக்குப் பின்னால் கோடு போட்ட கைதி உடையில் ஒரு குண்டுக் கிழவர், மார்பில் அக்கார்டியன், நெற்றியில் வியர்வைத் துளிகள். கீழே பெரிய எழுத்தில்: "துப்பாக்கியை இங்கே பூட்டுங்கள். இல்லையென்றால் உங்களை அங்கே பூட்டுவார்கள்."

"இதைவிடப் பச்சையாச் சொல்ல முடியாது," என்றான் கார்மைன்.

எர்மா பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பிரெட்ஸெல் தீரும்வரை பார்த்தாள்.

டாட்டி அறுபது வயதிலும் சுறுசுறுப்பான பெண்மணி. கழுத்தில் கண்ணாடியும் ஒரு பித்தளைச் சாவியும் சேர்ந்து தொங்கின. விஷயத்தைச் சொன்னதும் உடனே கண் கலங்கிவிட்டாள்.

"உட்காரு கண்ணு. காபி சாப்பிடு. பாவம் அந்த மனுஷன்! நான் போலீஸ்கிட்டயும் சொல்லிட்டேன், அன்னிக்கு அவர் லாக்கர் பக்கமே போகல. காபி குடிச்சாரு, பேசினாரு, கிளம்பிட்டாரு. அப்புறம் திறந்து பார்த்தா அவர் லாக்கர் காலி. மறதிதான், வேற என்ன? கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருந்தாரு."

"எப்படி?" எர்மா கேட்டாள்.

"அதான் கண்ணு, கேட்டதையே கேப்பாரு. 'உன் முட்டி எப்படி இருக்கு டாட்டி'ன்னு வாராவாரம் கேப்பாரு."

"முட்டி வலி உண்டா உங்களுக்கு?"

"பத்து வருஷமா."

கார்மைன் எழுதிக்கொண்டான். மறதிக்கு இது எப்படிச் சாட்சி என்று அவனுக்குப் புரியவில்லை. தன் அம்மாவின் முட்டியைப் பற்றி ஒரு தடவைகூடத் தான் கேட்டதில்லை என்பது மட்டும் உறைத்தது.

"அக்கார்டியனை அன்னிக்கு வண்டிலயே விட்டுட்டு வந்தாரா?" எர்மா கேட்டாள்.

"அதெப்படி விடுவாரு? குளிர்ல உள்ள இருக்கிற மெழுகு விரிசல் விட்டுச் சுருதி போயிரும்னு குழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி பெட்டியத் தூக்கிட்டு வருவாரு. அதோ, அந்த ஹீட்டர் பக்கத்துல வெப்பாரு. பாத்ரூம் போறப்பகூட என்கிட்ட சொல்லிட்டுத்தான் போவாரு, பார்த்துக்கன்னு."

"சாவியைத் தொலைச்சுட்டு வர்றவங்க உண்டா?"

"இப்பல்லாம் தினம் ஒருத்தர்." டாட்டி கழுத்துச் சாவியைத் தட்டிக் காட்டினாள். "இதுக்கு எல்லாமே திறக்கும்."

"வியாபாரம் நல்லா நடக்குது போல."

"காஸ் புண்ணியம்!" என்ற டாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லக் கூடாதுதான். ஆனா பேப்பர்ல வந்ததுலேர்ந்து ஜனங்களுக்குப் புத்தி வந்திருக்கு. முன்னெல்லாம் எவன் நிறுத்தினான்? அட்டை இருக்கு, போயிரலாம்னு நேரா பாலத்துல ஏறிருவானுங்க."

"அந்தப் போர்டு அழகா இருக்கு. யார் வரைஞ்சது?"

"நம்ம ஹார்லன் ஃபென்ஸ்டர்மேக்கர்தான். சனிக்கிழமை இப்படி ஆயிருச்சுன்னு கேள்விப்பட்டதும் மனசு ஆறாம அவரைக் கூப்பிட்டேன். பாவம், ஞாயித்துக்கிழமை பூரா குந்தி உட்கார்ந்து வரைஞ்சு குடுத்தாரு. திங்கக்கிழமை மாட்டிட்டேன். இன்னொரு காஸ் மாட்டக் கூடாது பாரு."

எர்மா காபிக்கு நன்றி சொல்லி எழுந்தாள். டாட்டி தன் வாக்குமூலத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

காரில் ஏறியதும் கார்மைன் காகிதத்தை ஆட்டினான். "முடிஞ்சது வேலை. வக்கீல் ஆஃபீஸுக்கு விடட்டுமா?"

"ஹார்லன் வீட்டுக்கு விடு."

"எதுக்கு?"

"நமக்கும் ஒரு போர்டு வேண்டாமா?"

"என்ன எழுதறது? 'இங்கே துப்பறியப்படும், துப்பாக்கி கிடையாது'ன்னா?"

வழியெல்லாம் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. முடிவெட்டும் கடை பூட்டியிருந்தது. டயர்க் கடை பூட்டியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் ஒரு பாட்டி பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ல ஆம்பளைங்களே கிடையாதா? ஏதாவது வியாதியா?" என்றான் கார்மைன். எர்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்படிச் சிரித்தால் சிறிது நேரத்தில் தான் முட்டாளாகப் போகிறோம் என்பது அவனுக்கு அனுபவம்.

ஹார்லன் வீட்டுக் கதவை அவர் மனைவி ஆர்லீன் திறந்தாள். கையெல்லாம் மாவு.

"போர்டா? மனுஷன் வந்தாத்தான்! காட்டுல இருக்காரு. மான் வேட்டை சீசன் முடியறவரைக்கும் நான் விதவை."

"எப்பப் போனாரு?" என்றாள் எர்மா.

"தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாளே போயிட்டாரு. பண்டிகைக்குன்னு வாங்கின முழு வான்கோழியை நானும் நாயும் உட்கார்ந்து தின்னோம். நாலு மணி நேரம் வடக்கே, மலைக்கு மேல கேம்ப். ஃபோன் எடுக்காது, பல்லு விளக்க மாட்டானுங்க. வருஷா வருஷம் ஜலதோஷத்தோட வருவாரு. மான் வந்ததா எனக்கு ஞாபகமே இல்ல."

கார்மைனின் வாய் திறந்தது. எர்மா அவன் காலை மெதுவாக மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

"டாட்டி கடைக்கு ஒரு போர்டு வரைஞ்சிருக்காரே, பார்த்தோம். நல்லா இருக்கு."

"மாட்டிட்டாளா? நான் அந்தப் பக்கமே போறதில்ல, அந்தப் புழு நாத்தம் எனக்கு ஆகாது." ஆர்லீனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அதுக்கு மாடல் யாரு தெரியுமா? நான்! பேரனோட பொம்மை அக்கார்டியனைக் கையில குடுத்து கேரேஜ்ல ஒரு மணி நேரம் நிக்க வெச்சாரு. குளிர்ல கை மரத்துப் போச்சு. இவரு கேம்புக்குப் போறதுக்குள்ள முடிச்சுத் தரணும்னு டாட்டி நச்சரிச்சா, அவளே வந்து வாங்கிட்டுப் போனா. என்னடி இது, பாட்டுக் கச்சேரி வெக்கப் போறியான்னு கேட்டேன். ஆமாடின்னா."

"அப்போ தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே போர்டு அவங்க கைக்குப் போயிருச்சு."

"வான்கோழி வாங்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு. ஏன், பெயின்ட் உரிஞ்சிருச்சா?"

"பெயின்ட் நல்லாத்தான் இருக்கு," என்றாள் எர்மா.

திரும்பும் வழியில் கார்மைன் இரண்டு சிக்னல் தாண்டும்வரை பேசவில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

"அவர் பிடிபடறதுக்கு முன்னாடியே அவர் ஜெயில்ல இருக்கிற படம் தயார்!" என்று வெடித்தான் கடைசியில். "இதை அந்தப் போர்டைப் பார்த்தப்பவே கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"பார்த்தப்ப இல்ல. 'ஞாயித்துக்கிழமை பூரா வரைஞ்சாரு'ன்னு சொன்னப்ப. இந்த ஊர்ல மான் சீசன் ஆரம்பிக்கிற அந்தச் சனி ஞாயிறு கல்யாண மாப்பிள்ளைகூட வீட்ல இருக்க மாட்டான். எங்க அண்ணன்மார் மூணு பேரு. மனுஷன் மேல கை ஓங்க மாட்டாங்க, சபை விதி. மானை விட மாட்டாங்க, அதுக்கு விதி கிடையாது. நீ நியூஜெர்சிக்காரன். அந்தப் பொய் உனக்குப் பொய்யாத் தெரிஞ்சிருக்காது."

"அப்போ அந்தக் கல்யாணம்? அந்தத் தேதியில எந்த மடையன் கல்யாணம் வெச்சான்?"

"அக்கரைக்காரன். அதான் அன்னிக்குக் கடையில காஸும் டாட்டியும் மட்டும்தான். மத்தவங்க எல்லாம் காட்டுல."

டாட்டி கல்லாவில் இருந்தாள். அவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்ததும், "என்ன கண்ணு, மறந்துட்டுப் போயிட்டீங்களா?" என்று சிரித்தாள். எர்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆர்லீனுக்குப் போர்டு மாட்டினதுல ரொம்பச் சந்தோஷம். அவங்கதான் மாடலாமே."

டாட்டியின் கை காபிக் குடுவையிலேயே நின்றது. சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் இருந்தது, மாட்டி வைத்த பலகைபோல.

"அது... வேற போர்டு."

"அதே அக்கார்டியன்தான், டாட்டி."

கடையில் வரிசை குறைந்திருந்தது. டாட்டி குடுவையை வைத்தாள். பிறகு கோபம் வந்தது அவளுக்கு. அழுகை வரும் என்று கார்மைன் எதிர்பார்த்திருந்தான்.

"சரி, என்ன இப்போ? எட்டு வருஷமா இந்தக் கடையில உட்கார்ந்து தொண்டை கிழியச் சொல்றேன், அக்கரை போனா ஜெயில்னு. எவன் கேட்டான்? நாப்பது லாக்கர்ல முப்பத்தொம்பது காலி. ஒருத்தன் மாட்டினாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும். வந்துச்சா இல்லையா? வெளிய போய்ப் பாரு!"

"அதுக்கு ஏன் காஸ்?" கார்மைனால் பொறுக்க முடியவில்லை. "உங்க முட்டியை வாராவாரம் விசாரிக்கிற மனுஷன்!"

"வேற யாரு இருக்கா? சட்டத்தை மீறறவன் இங்க நிறுத்தறதே இல்லையே. தவறாம வந்து பூட்டிட்டுப் போறது அவர் ஒருத்தர்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்ததுபோல இருந்தது.

"கிழவர், பாட்டு வாசிக்கிறவரு, போலீஸ்ல மிரட்டி விட்டுருவாங்கன்னு நினைச்சேன் கண்ணு. பேப்பர்ல ஒரு மூலையில வரும், அவ்வளவுதான்னு. மூணரை வருஷம்னு சும்மா எழுதி வெச்சிருக்கான், நிஜமாவா போடுவான்னு..."

"அதைத்தான் எட்டு வருஷமா நீங்க மத்தவங்களுக்குச் சொல்லிட்டிருந்தீங்க," என்றாள் எர்மா.

"சொன்னேன். நான் எங்க நம்பினேன்?"

கார்மைன் வெற்றியோடு சட்டைப் பையிலிருந்து செல்ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தான். சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. "எல்லாம் பதிவாயிருச்சு! முதல் வார்த்தையிலேர்ந்து!"

எர்மா அந்தப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "அழிச்சுடு."

"என்னது?"

"இந்த மாநிலத்துல பேசறவங்க எல்லாரும் சம்மதிக்காம ரெக்கார்டு பண்ணினா குத்தம். பெரிய குத்தம். உங்க ஊர்ல ஒருத்தர் சம்மதம் போதும். நீ பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிற."

கார்மைன் ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்தான். கூப்பிடு தூரம். அங்கே போய் நின்று இதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தான். டாட்டிக்கு உயிர் வந்துவிட்டது.

"அதைச் சொல்லு கண்ணு! நானும் இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். என்ன தப்பு பண்ணினேன்? ஒருத்தரோட துப்பாக்கிய அவரோட பெட்டியிலயே வெச்சேன். அட்டை இருக்கிற ஆளு. இந்த மாநிலத்துல அது சட்டப்படி சரி. ஆத்தைத் தாண்டினது அவரு. நான் தாண்டல."

"நீங்க தாண்டல. நீங்க செஞ்ச வேலை தாண்டிருச்சு," என்றாள் எர்மா. குரல் உயரவே இல்லை. "இங்கேர்ந்து கல் எறிஞ்சு அங்க மண்டை உடைஞ்சா வழக்கு அங்கதான். இங்கயும் சும்மா இருக்க மாட்டாங்க. பூட்டின லாக்கரைத் திறந்து அடுத்தவர் துப்பாக்கிய எடுத்ததுக்குத் திருட்டுன்னு பேர் வெப்பாங்களா இல்லையான்னு இந்தக் கவுன்டியோட அரசு வக்கீல் சொல்லட்டும். அப்படி வெச்சுட்டா நீங்க துப்பாக்கி பக்கத்துலயே நிக்கக் கூடாது. இந்தக் கடைக்குள்ள எத்தனை இருக்கு, டாட்டி?"

டாட்டி லாக்கர்களைப் பார்த்தாள். நாற்பதும் நிரம்பியிருந்தன.

"அப்புறம் அந்த ஃபோன்," எர்மா தொடர்ந்தாள். "கார் தள்ளாடுதுன்னு யாரோ பண்ணினது. நான் இன்னும் அதைக் கேக்கல. ஆனா போலீஸுக்கு வர்ற ஃபோனைப் பதிவு பண்ணி வெப்பாங்க, அதுக்கு யார் சம்மதமும் வேண்டாம். நாளைக்குக் காஸோட வக்கீல் கேப்பாரு. அந்தக் குரல் யாரையாவது 'கண்ணு'ன்னு கூப்பிட்டிருக்குமா?"

உள்ளே வந்த ஓர் ஆள் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, "புண்ணியவதி நீ, டாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுதான் அவளை உடைத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள்.

"நிஜமாவே நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறாரா?"

"ஆமா. தானே மறந்துட்டதா நம்பிட்டாரு."

"அவரா? அந்த மனுஷன் எதையும் மறக்க மாட்டாரு கண்ணு. என் புருஷன் செத்த தேதியை நான் மறந்தாலும் அவர் பூ வாங்கிட்டு வருவாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வக்கீல் நம்பரைக் குடு."

அவளே போட்டாள். அவளே பேசினாள். எர்மா ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. வக்கீல் மறுமுனையில் ஒரு நிமிஷம் பேச்சு மறந்துபோனார். மறதிக்குச் சாட்சி அனுப்பச் சொன்னவருக்கு இப்படியா வந்து சேரும்! பிறகு மளமளவென்று உத்தரவுகள் போட்டார். கடைச் சாவியைத் தங்கையிடம் கொடு, லாக்கர்களைத் தொடாதே, உனக்கென்று வேறொரு வக்கீலைப் பிடி, நாளைக்கு விடிந்ததும் கோர்ட்டுக்கு வா.

அக்கரை ஜெயிலில் பார்வையாளர் நேரம் முடியப் போகிற சமயத்தில்தான் அவர்களால் போய்ச் சேர முடிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காஸ் உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்த அளவு குண்டு இல்லை. மேசைமேல் அவர் விரல்கள் தாமாகவே ஏதோ ஒரு மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தன.

"லியோனா அனுப்பினாளா?" என்றார், தடுப்பில் மாட்டியிருந்த ஃபோனை எடுத்து. "அவகிட்ட சொல்லிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். ஜெயிலுக்குப் பயமில்லம்மா. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. முதல்ல சாவியை மறந்தாரு. அப்புறம் என்னை மறந்தாரு. இன்னும் எத்தனை நாள் கழிச்சு லியோனாவை மறப்பேன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கறேன். ராத்திரில அவ பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கறேன்."

கார்மைனுக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கிண்டல் எதுவும் வரவில்லை.

எர்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள். பலகை, மான் சீசன், ஆர்லீன், அவர் பாத்ரூம் போன நேரத்தில் டாட்டி செய்தது எல்லாவற்றையும்.

காஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். விரல்கள் நின்றுவிட்டன.

"டாட்டியா?"

"ஆமா."

கத்துவார், திட்டுவார் என்று கார்மைன் காத்திருந்தான். கிழவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

"அப்போ நான் துப்பாக்கிய லாக்கர்ல வெச்சேன்."

"வெச்சீங்க."

"பூட்டினேன்."

"பூட்டினீங்க. சாவியை எடுத்துக்கிட்டீங்க. எதையுமே மறக்கல."

காஸ் சிரித்தாரா அழுதாரா என்று அந்த அழுக்குக் கண்ணாடி வழியே சரியாகத் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு தோள்கள் குலுங்க உட்கார்ந்திருந்தார். காவலர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கையை எடுத்தபோது வேறு மனிதராக இருந்தார்.

"பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தா," என்றார். "ரேடியோல ஃபுட்பால். ஹீட்டர் கரகரன்னு சத்தம் போட்டது, எண்ணெய் விடுன்னு சொன்னேன். லாக்கர் மேல யாரோ 'ரிக்கி லவ்ஸ் டினா'ன்னு கீறியிருக்கான். எல்லாம் இருக்கு, பாருங்க! எல்லாம் அப்படியே இருக்கு!"

"டாட்டி மேல கோபம் இல்லையா உங்களுக்கு?" கார்மைன் கேட்டே விட்டான்.

"வரும் தம்பி. நாளைக்கு வரும். இன்னிக்கு இடமில்ல." திடீரென்று ஏதோ தோன்றி நிமிர்ந்தார். "அது சரி, அன்னிக்கு அந்தக் கல்யாணம் என்னாச்சு? கோவால்ஸ்கி வீட்டுப் பொண்ணு, ஹேலினா. நான் போகலையே. யார் வாசிச்சா?"

கார்மைன் எர்மாவைப் பார்த்தான். பொய் சொல்லாதவள் உதட்டை மடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"அது வந்து... லியோனா சொன்னாங்க, கடைசி நேரத்துல யாரையோ கூப்பிட்டாங்களாம்," என்று இழுத்தான். "டிஜே."

காஸின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். காவலர் ஓடி வந்தார்.

"டிஜேவா?" என்று கத்தினார், கண்ணாடி அதிர. "கோவால்ஸ்கி வீட்டுக் கல்யாணத்துல டிஜேவா?"